வியாழக்கிழமை இரவு, சிகாகோ

பனிப்போர்: நடக்காத பாதைகள் (6)

ராஸ்டன்பர்க் காட்டுக்குள் ஹிட்லரின் ஆலோசனைக் கூடத்தில் வெடித்த குண்டைச் சென்ற இதழில் பார்த்தோம். குண்டு இருந்த தோல்பை காலில் தட்டுப்பட, அதை யாரோ ஓர் அதிகாரி தடித்த மேசைக்காலுக்கு அப்பால் நகர்த்தி வைத்தார். ஹிட்லர் பிழைத்துக்கொண்டார். போர் மேலும் ஒன்பது மாதங்களுக்கு மேல் நீண்டது, அதற்குள் செம்படை பெர்லினுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அது 1944 ஜூலை 20, வியாழக்கிழமை.

அதே வியாழக்கிழமை இரவு, அட்லாண்டிக்குக்கு அப்பால் சிகாகோ ஸ்டேடியத்தில் இன்னொரு காரியம் நடந்தது. இங்கே குண்டில்லை, ரத்தமில்லை. ஒரு கட்சி மாநாட்டை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த அமெரிக்க அதிபர் யார் என்பது அந்த ஒத்திவைப்போடு முடிவாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. 20-ம் நூற்றாண்டில் அந்த ஒரு வாரத்துக்கு இணையான வாரங்கள் குறைவு. வெள்ளிக்கிழமை ஹாரி ட்ரூமன் துணை அதிபர் வேட்பாளரானார். சனிக்கிழமை, ஜூலை 22 அன்று, சோவியத் ஆதரவு பெற்ற போலந்து விடுதலைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பின்னாளில் லூப்லின் குழு என்று அழைக்கப்பட்டது அதுதான், போலந்தின் அடுத்த 45 ஆண்டுகளுக்கான ஆட்சியின் விதையும் அதுதான். அதே சனிக்கிழமை பிரெட்டன் உட்ஸில் மாநாடு முடிந்து, சர்வதேச நிதியமும் உலக வங்கியும் உருவாக வழி பிறந்தது. பனிப்போரின் சரக்குகள் அத்தனையும் ஒரே வாரத்தில் வந்து இறங்கின.

சிகாகோவில் அந்த இரவு கைநழுவியவர் அன்றைய துணை அதிபர் ஹென்றி வாலஸ். அவர் அதிபராகியிருந்தால் பனிப்போரே வந்திருக்காது என்று அமெரிக்க இடதுசாரிகள் இன்றும் ஆற்றாமையோடு பேசுகிறார்கள். 2012-ல் ஆலிவர் ஸ்டோன் எடுத்த ஆவணத் தொடர் அந்த எண்ணத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. என் பார்வையில் அந்த வாதத்தில் பாதி நிற்காது. வார்சாவையும் பிராகையும் வாலஸால் காப்பாற்றியிருக்க முடியாது. நிற்கிற மறுபாதி ஆசியாவில் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வாலஸ் அயோவா மாநிலத்துக்காரர், 1888-ல் பிறந்தவர். தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் ஹென்றி என்றே பெயர். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு விவசாயப் பத்திரிகை இருந்தது. அடிமையாகப் பிறந்து பெரிய தாவரவியலாளராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அப்போது அயோவாவில் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சிறுவன் ஹென்றியின் கையைப் பிடித்து வயல் வரப்புகளில் கூட்டிப்போய்ச் செடிகளை இனங்காணச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அயோவாவில் மக்காச்சோளத்துக்கு அழகுப் போட்டி நடக்கும். வரிசை பிசகாத மணிகள், ஒரே நீளம், ஒரே நிறம் என்று பார்த்துப் பேராசிரியர்கள் பரிசு கொடுப்பார்கள். பதின்ம வயது ஹென்றி பரிசு பெற்ற கதிர்களையும் பெறாத கதிர்களையும் வாங்கி வந்து தனித்தனிப் பாத்திகளில் விதைத்தான். அறுவடையில் எடை போட்டுப் பார்த்தால், பரிசு பெற்ற அழகிகள் விளைச்சலில் முந்தவில்லை. கண்ணுக்குப் பட்டதை நம்பாமல் தராசில் நிறுத்துப் பார்த்த அந்தப் பையன்தான் 1926-ல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனத்தைத் தொடங்கினான். பயனியர் என்று பின்னாளில் உலகம் அறிந்த நிறுவனம் அது. 1933-ல் ரூஸ்வெல்ட் அவரை விவசாய அமைச்சராக்கினார். 1940-ல் துணை அதிபர் வேட்பாளராக்கினார்.

தேர்தலில் ஜெயித்த கையோடு வாலஸ் மெக்சிகோ போனார். புதிய அதிபர் பதவியேற்பு ஒரு நாள் விழா. இவரோ வாரக்கணக்கில் அங்கேயே சுற்றிச் சோள வயல்களைப் பார்த்தார். ஒரு மூட்டை சோளத்துக்கு மெக்சிகோ விவசாயி எத்தனை மணி நேரம் முதுகொடிய வேண்டியிருக்கிறது என்பது அவரை உலுக்கியது. திரும்பி வந்து ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் பேசினார். 1943-ல் அங்கே ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு அதில் நார்மன் போர்லாக் சேர்ந்தார். போர்லாக்கின் குட்டைக் கோதுமைதான் 1966-ல் 18,000 டன் விதையாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. அதை இங்கே கொண்டுவரப் போராடிய சி.சுப்பிரமணியமும் எம்.எஸ்.சுவாமிநாதனும் நம் ஊர்க்காரர்கள். அதிபராகாத வாலஸின் தடம் நம் சோற்றுத்தட்டுக்குப் பக்கம் வரை வந்திருக்கிறது. அவரை வெறும் கனவுக்காரர் என்று ஒதுக்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசியலில் அவர் பேசியதெல்லாம் அந்த நாளைக்கு மிகப் பெரிய பேச்சு. பத்திரிகை அதிபர் ஹென்றி லூஸ் 1941-ல், இந்த நூற்றாண்டு அமெரிக்காவின் நூற்றாண்டு என்று எழுதினார். மறு ஆண்டு மே 8 அன்று வாலஸ் பதில் சொன்னார்: போருக்குப் பின் வரப்போவது சாமானிய மனிதனின் நூற்றாண்டாக இருக்க வேண்டும், ராணுவ ஏகாதிபத்தியமும் பொருளாதார ஏகாதிபத்தியமும் இரண்டுமே கூடாது. 1944-ல் பசிபிக் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் இந்தியா, மலாயா, இந்தோசீனா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் எல்லாம் குறித்த காலக்கெடுவில் விடுதலை பெற வேண்டும் என்று வாதிட்டார். அது அச்சேறும் முன்பே கைப்பிரதி ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டது. வாஷிங்டனில் பத்திரிகை முதலாளி சார்லஸ் மார்ஷின் வீட்டில், பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்த இளம் விமானப்படை அதிகாரி ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுத்தார்கள். அவர் அதை ஓசைப்படாமல் தன் உளவுத் துறைக்குக் கடத்தி, நகலெடுத்த பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அந்த அதிகாரிதான் பிற்காலத்தில் உலகக் குழந்தைகளெல்லாம் படித்த எழுத்தாளர் ரோல்ட் டால். நகல் சர்ச்சில் வரை போனது, சர்ச்சில் கொதித்துப்போனார் என்று டாலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லண்டனுக்கு அன்று வாலஸைப் பற்றி இருந்த பயம் ரஷ்யாவை ஒட்டியது அல்ல. தன் காலனிகளை ஒட்டியது.

ரஷ்யாவை ஒட்டிய பயத்துக்கும் காரணம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1944 மே மாதம் ரூஸ்வெல்ட் அவரை சைபீரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினார். கோலிமா தங்கச் சுரங்கப் பகுதியின் தலைநகரான மகதானில் விமானம் இறங்கியது. ஸ்டாலினின் கட்டாய உழைப்பு முகாம்களிலேயே மிகக் கொடியவை அந்தப் பகுதியில்தான் இருந்தன. விருந்தினரை வரவேற்றவர் முகாம்களை நடத்திய தால்ஸ்த்ரோய் அமைப்பின் தலைவர் நிகிஷோவ். விருந்தாளி வருவதற்கு முன்பே காவல் கோபுரங்களைச் சாய்த்துவிட்டார்கள். கைதிகளைக் கொட்டடிகளை விட்டு வெளியே விடவில்லை. கடை ஜன்னல்களில் பண்டங்களை அடுக்கினார்கள். சுரங்கத்தில் கட்டுமஸ்தான வாலிபர்கள் நின்றார்கள். பன்றிப் பண்ணையில் அழகான பெண்கள் நின்றார்கள். உண்மையான பண்ணைக் கைதிகளை அப்புறப்படுத்திவிட்டு அலுவலகப் பெண்களை நிறுத்தியிருந்தார்கள் என்று, அங்கே கைதியாக இருந்து தப்பிப் பிழைத்த எலினோர் லிப்பர் எழுதியிருக்கிறார். விவசாயம் தெரிந்த வாலஸ் பன்றி வளர்ப்பைப் பற்றி ஏதோ நுணுக்கமாகக் கேட்க, அந்தப் பெண்கள் திருதிருவென விழித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் எதையோ சொல்லிச் சமாளித்தார். பெண்களின் பூத்தையல் கண்காட்சியைப் பார்த்து வாலஸ் பாராட்டினார். அந்தத் தையல், கைதிகளின் விரல்கள் போட்ட தையல். ஊர் திரும்பி அவர் எழுதிய பயண நூலில் சைபீரியாவின் முன்னோடி உழைப்பாளிகளை மனதாரப் புகழ்ந்தார். சிறு வயதில் சோளக்கதிரைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் இங்கே காட்டியதைக் காட்டியபடியே நம்பிவிட்டார். இதைத் தாண்டிக்கொண்டு வாலஸைப் பற்றி யாரும் நேர்மையாகப் பேச முடியாது.

அவர் பயணத்தில் இருந்தபோதே வாஷிங்டனில் காய்கள் நகர்ந்துவிட்டன. ரூஸ்வெல்டின் இதயம் தளர்ந்துவிட்டதை அந்த ஆண்டு மார்ச் மாதமே டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். நாலாவது பதவிக்காலத்தை அவர் முடிக்க மாட்டார் என்பது அவரை அருகிலிருந்து பார்த்த கட்சிப் புள்ளிகளுக்குத் தெரிந்தது. ஆகவே துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பது அதிபரையே தேர்ந்தெடுப்பதுதான். கட்சித் தலைவர் ராபர்ட் ஹானெகன், பொருளாளரும் கலிபோர்னியா எண்ணெய் முதலாளியுமான எட்வின் பாலி, பிராங்க்ஸின் எட் ஃபிளின், சிகாகோ மேயர் எட் கெல்லி ஆகியோர் ஜூலை 11 இரவு வெள்ளை மாளிகையில் கூடினார்கள். வாலஸ் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே குரல். தென்மாநில வெள்ளையர்களுக்கு அவருடைய இனச் சமத்துவப் பேச்சு ஆகாது, தொழிலதிபர்களுக்குத் தொழிற்சங்க உறவு ஆகாது, கட்சிக்காரர்களுக்கு அவர் கட்சிக்காரரே இல்லை. ட்ரூமன் பெயர் மேலே வந்தது. அவர்மேல் பெரிய பகை யாருக்கும் இல்லை என்பதே தகுதியாகிவிட்டது.

ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? இரண்டு கடிதங்கள் எழுதினார். தான் ஒரு பிரதிநிதியாக இருந்தால் வாலஸுக்கே வாக்களிப்பேன், ஆனால் மாநாட்டுக்குக் கட்டளையிட விரும்பவில்லை என்று ஒன்று. ட்ரூமனோ நீதிபதி வில்லியம் டக்ளஸோ யார் வந்தாலும் தனக்கு மகிழ்ச்சி என்று இன்னொன்று. வாலஸ் ஆதரவாளர்கள் கையில் முதல் கடிதம், ஹானெகன் கையில் இரண்டாவது.

வியாழக்கிழமை இரவு சிகாகோ ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. மேல்வரிசைகளைத் தொழிற்சங்கத்தினர் பிடித்திருந்தார்கள். அன்று பகலில் வாலஸ் மேடையேறி, அரசியல் ஜனநாயகமும் பொருளாதார ஜனநாயகமும் இனம் நிறம் மதம் பார்க்காமல் எல்லோருக்கும் வேண்டும், வாக்களிக்கக் கட்ட வேண்டிய தேர்தல் வரி ஒழிய வேண்டும் என்று, தென்மாநிலப் பிரதிநிதிகள் முகத்துக்கு நேரே பேசியிருந்தார். இரவில் சான் டியாகோ கடற்படைத் தளத்திலிருந்து ரூஸ்வெல்டின் குரல் ஒலிபெருக்கிகளில் வந்து ஓய்ந்ததும், வாலஸ் வேண்டும், வாலஸ் வேண்டும் என்று அரங்கம் எழுந்தது. ஆர்கன் வாசிப்பவர் அயோவாவின் சோளப் பாட்டை விடாமல் வாசித்தார். அதை நிறுத்தச் சொல்லிக் கட்சி நிர்வாகிகள் கத்தினார்கள். அப்போதே பெயரை முன்மொழிந்து வாக்கெடுப்புக்குப் போய்விட வேண்டும் என்று ஃபுளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையை நோக்கி விரைந்தார். அவர் ஒலிவாங்கியை எட்டும் முன், பிட்ஸ்பர்க்கின் டேவிட் லாரன்ஸ் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆம் என்றவர்களைவிட இல்லை என்றவர்களின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. தலைமை வகித்த செனட்டர் சாமுவேல் ஜாக்சன் தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்துச் சுத்தியலைத் தட்டினார். கூட்டம் அளவு மீறிவிட்டது, தீ விபத்து அபாயம் என்று காரணம் சொன்னார்கள்.

மறுநாள் மேல்வரிசைகளில் ஆட்கள் மாறியிருந்தார்கள். இரவெல்லாம் ஓட்டல் அறைகளில் பேரம் நடந்திருந்தது. முதல் சுற்றில் வாலஸ் 429½, ட்ரூமன் 319½. வெற்றிக்கு 589 வேண்டும். இரண்டாவது சுற்றில் மாநிலம் மாநிலமாகச் சாய்ந்து, ட்ரூமன் 1,031, வாலஸ் 105 என்று முடிந்தது. அந்த வாரம் காலப் நிறுவனம் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் கேட்டபோது 65 சதவீதம் பேர் வாலஸ் என்றும் 2 சதவீதம் பேர் ட்ரூமன் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பெப்பர் இன்னும் சில அடிகள் முன்னே போயிருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்பது மனதுக்கு இதமான கதை. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. வாக்குள்ள மாநிலக் குழுக்கள் பல, தங்கள் மாநிலத் தலைவர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு பேரத்துக்குக் காத்திருந்தன. பாதை உண்மையில் பிரிந்தது ரூஸ்வெல்டின் மேசையில். 1940-ல் இதே சிகாகோ ஸ்டேடியத்தில் வாலஸ் பெயரைச் சொன்னதும் பிரதிநிதிகள் ஊளையிட்டார்கள். அப்போது ரூஸ்வெல்ட், வாலஸ் இல்லையென்றால் நானும் இல்லை என்று வேட்பு மறுப்பு உரையையே எழுதி வைத்துக்கொண்டார். எலினோர் ரூஸ்வெல்ட் விமானத்தில் வந்து மாநாட்டைச் சமாதானப்படுத்தினார். வாலஸ் ஜெயித்தார். நாலு ஆண்டு கழித்து அதே மனிதருக்கு அப்படி ஒரு சண்டை போடத் தெம்பில்லை. அந்த இரண்டாவது கடிதத்தை அவர் எழுதாமல் இருந்திருந்தால் போதும், வெள்ளிக்கிழமை கணக்கு வேறாகியிருக்கும். நம் நடக்காத பாதையை அங்கிருந்தே தொடங்குவோம்.

1945 ஏப்ரல் 12. வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் இறக்கிறார். நிஜத்தில் ட்ரூமன் அன்று மாலைதான் அணுகுண்டைப் பற்றி முதன்முதலில் ஒரு வரி கேள்விப்பட்டார், முழு விவரம் ஏப்ரல் 25-ல்தான் கிடைத்தது. வாலஸ் அப்படியல்ல. 1941 அக்டோபர் 9 அன்று வெள்ளை மாளிகையில் வானெவர் புஷ் அணு ஆராய்ச்சியை விளக்கியபோது ரூஸ்வெல்டுடன் உட்கார்ந்து கேட்டவர் அவர். அறிவியலாளர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடிய ஓர் அதிபர் அந்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கிடைத்திருப்பார். ஹிரோஷிமா தப்பியிருக்குமா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல வாலஸின் எழுத்துகளில் ஆதாரம் இல்லை. போர் நாலு ஆண்டு ஓடிய வேகத்தில் குண்டைத் தடுத்து நிறுத்த அசாத்தியத் துணிச்சல் வேண்டும். குண்டுக்குப் பின்னால்தான் வித்தியாசம் தெரிந்திருக்கும். 1945 செப்டம்பர் 21 அமைச்சரவைக் கூட்டத்தில், அணு விஷயத்தில் மாஸ்கோவோடு நேரடியாகப் பேசிப் பார்க்கலாம் என்று ஓய்வுபெறப் போகிற போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் சொன்னதை, அப்போது வணிக அமைச்சராக இருந்த வாலஸ் உறுதியாக ஆதரித்தார். அதிபர் நாற்காலியில் அவரே இருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்கும்.

நடந்து என்ன ஆகியிருக்கும்? ஆகஸ்ட் 20 அன்றே ஸ்டாலின் பெரியாவின் தலைமையில் அணுகுண்டுக்கான தனிக்குழுவை அமைத்துவிட்டார். லாஸ் அலாமோஸிலிருந்து கிளாஸ் ஃபூக்ஸ் தந்த தகவல்கள் அதற்கு முன்பே மாஸ்கோ போய்ச் சேர்ந்திருந்தன. வாலஸ் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கை நீட்டியிருந்தாலும் ஸ்டாலின் அந்தக் கையைப் பிடித்தபடியே மறு கையால் குண்டைச் செய்துகொண்டிருப்பார்.

போலந்தும் அப்படித்தான். 1945 ஏப்ரல் 23 அன்று ட்ரூமன் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவைக் கடிந்து பேசியதால் போலந்து கைவிட்டுப் போகவில்லை. கடியாமல் இருந்திருந்தாலும் செம்படை அங்கே இருந்தது, லூப்லின் ஆட்கள் நாற்காலியில் இருந்தார்கள். வாலஸ் அதோடு சமரசம் செய்துகொண்டிருப்பார் என்பதற்கு அவர் வாக்குமூலமே உண்டு. 1946 செப்டம்பர் 12 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் கூட்டத்தில், லத்தீன் அமெரிக்காவில் ரஷ்யாவுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவுதான் கிழக்கு ஐரோப்பிய அரசியலில் நமக்கு வேலை என்று பேசினார். வணிக அமைச்சர் பதவி பறிபோனது அந்தப் பேச்சால்தான். 1948 பிப்ரவரியில் பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோதுகூட அமெரிக்கத் தூதர் மேல்தான் அவர் பழியைப் போட்டார். மகதானில் ஏமாந்த அதே கண்தான் பிராகையும் பார்த்தது.

உள்நாட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1946 நவம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் குடியரசுக் கட்சி கைப்பற்றியது. ட்ரூமனுக்கே அந்தக் கதி என்றால் வாலஸுக்கு இன்னும் மோசமாகியிருக்கும். லாரன்ஸ் டக்கனை வெளியுறவு அமைச்சராகவும் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட்டை நிதி அமைச்சராகவும் வைத்துக்கொண்டிருப்பேன் என்று வாலஸ் பின்னாளில் சொன்னதாகப் பதிவுகள் உண்டு. சோவியத் உளவுத் தந்திகளை அமெரிக்கா உடைத்துப் படித்த வெனோனா கோப்புகளில் இருவரும் அடையாளம் காணப்பட்டார்கள். ஒயிட்டின் குற்றம் எந்த அளவுக்கு என்பதில் இன்றும் விவாதம் நடக்கிறது. அரசியலுக்கு விவாதம் தேவையில்லை, சந்தேகமே போதும். ஆகவே வாலஸ் பாதை 1948 நவம்பர் வரைக்கும்தான் ஓடும் என்பது என் கணிப்பு. அங்கே குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி அமோகமாக ஜெயிக்கிறார், ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் நாலு ஆண்டு முன்னதாகவே வெளியுறவு அமைச்சராகிறார், கம்யூனிஸ்ட் வேட்டை நிஜத்தைவிடக் கடுமையாக வருகிறது. ஐரோப்பாவில் பனிப்போர் மூன்று ஆண்டு தாமதமாக, ஆனால் அதிக ஆவேசத்தோடு தொடங்குகிறது. கிரீஸும் துருக்கியும் 1947-ல் கேட்ட 40 கோடி டாலர் போயிருக்காது. மார்ஷல் திட்டம் ஐ.நா. வழியாகப் போக வேண்டும் என்று அவர் பிடித்த பிடியில், 1947 குளிர்காலத்தில் பாரிஸும் ரோமும் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் கவலையாகவே இருக்கிறது. ஐரோப்பியர்கள் ட்ரூமன் கிடைத்ததற்கு நன்றி சொல்லலாம்.

ஆசியர்கள் அப்படிச் சொல்ல முடியாது.

1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். அறிவிப்பின் தொடக்கத்தையே அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலிருந்து எடுத்தார். சில வாரங்களுக்கு முன்புதான் காட்டுக்குள் காய்ச்சலில் கிடந்த அவருக்கு அமெரிக்க உளவுப் பிரிவின் மருத்துவ உதவியாளர் மருந்து கொடுத்திருந்தார். அமெரிக்கா தன் பக்கம் நிற்கும் என்று ஹோ நம்பியதற்கு ஆதாரம் இருந்தது. அந்த அக்டோபரிலிருந்து 1946 பிப்ரவரிக்குள் அமெரிக்க அரசுக்கு அவர் குறைந்தது 8 கடிதங்களும் தந்திகளும் அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதே மாதங்களில் தெற்கே சைகோனில், ஜெனரல் கிரேசியின் தலைமையில் இறங்கிய 20-வது இந்தியப் படைப்பிரிவைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்களை மீண்டும் நாற்காலியில் உட்காரவைத்தது பிரிட்டன். இன்னொருவர் அடிமைத்தனத்துக்கு இந்தியச் சிப்பாய்களைப் பயன்படுத்துவதை நேரு கண்டித்தார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளும் கோயில்களும் இருந்த சைகோன் அது. பிரெஞ்சு நிர்வாகத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் உத்தியோகம் பார்த்த ஊர். அங்கே மூண்ட தீ நமக்கு அந்நியமானதில்லை.

வாஷிங்டன் ஏன் வாய் திறக்கவில்லை? டி கால் 1945 மார்ச்சிலேயே அமெரிக்கத் தூதரிடம் சொல்லிவிட்டார்: எங்களை இந்தோசீனாவில் கைவிட்டால் பிரான்ஸ் ரஷ்யாவின் சுற்றுவட்டத்துக்குள் விழும். அந்த மிரட்டல் பலித்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சு இறையாண்மையை நாங்கள் கேள்வி கேட்டதே இல்லை என்று மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டெட்டினியஸ் வாக்குக் கொடுத்தார். ரஷ்யா என்றதும் நடுங்குகிறவரிடம்தான் அந்த மிரட்டல் செல்லும். வாலஸ் நடுங்கக்கூடியவர் அல்ல. ஐரோப்பாவில் அவரைக் குருடாக்கிய அந்தக் குணம் ஆசியாவில் அவருக்குப் பார்வை தந்திருக்கும். இந்தோசீனாவுக்குக் காலக்கெடு வைத்து விடுதலை என்று கையெழுத்திட்டு நூலே வெளியிட்டவர், ஹோவின் கடிதத்தைக் கோப்பில் செருகிவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

பதில் எழுதிவிட்டால் மட்டும் பிரான்ஸ் விட்டுவிடுமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை பக்கத்துத் தீவுகளில் இருக்கிறது. 1948 டிசம்பரில் டச்சுக்காரர்கள் யோக்யகர்த்தாவைத் தாக்கி சுகர்ணோவையும் ஹத்தாவையும் சிறைபிடித்தார்கள். நேரு மறு மாதம் டெல்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டினார். அமெரிக்காவும் இந்தோனேசியாவுக்கென டச்சுக்காரர்களுக்கு ஒதுக்கிய மார்ஷல் உதவியை நிறுத்தி, நெதர்லாந்துக்கான உதவியிலும் கை வைப்போம் என்று நெருக்கியது. 1949 டிசம்பர் 27 அன்று டச்சுக்கொடி இறங்கியது. பணப்பையின் கயிற்றை இறுக்கினால் காலனி வல்லரசு வழிக்கு வந்தது. இந்தோனேசியாவுக்குக் கயிற்றை இறுக்கிய ட்ரூமன் அரசு வியட்நாமுக்கு இறுக்காததற்குக் காரணம், சுகர்ணோ அரசு மடியூனில் கம்யூனிஸ்ட் எழுச்சியை அடக்கியிருந்தது, ஹோவோ கம்யூனிஸ்ட்.

கயிறு கையில் கிடைத்த நேரத்தையும் நாள் குறித்துச் சொல்லலாம். 1946 மார்ச் 6 அன்று பிரான்சும் ஹோவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் வியட்நாம் ஒரு சுதந்திர அரசு என்று அது ஏற்றுக்கொண்டது. அந்த வசந்த காலம் முழுக்க பிரான்ஸ் சார்பில் லியோன் ப்ளூம் வாஷிங்டனில் கடனுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். பிரான்சின் கஜானா காலி. மே 28 அன்று கையெழுத்தானது, 65 கோடி டாலர் கடன். நிபந்தனைகளில் அமெரிக்கத் திரைப்படங்களைப் பிரெஞ்சுத் தியேட்டர்கள் ஓட்டுவது இருந்தது, வியட்நாம் இல்லை. நாலே நாளில், ஜூன் 1 அன்று, சைகோனில் அட்மிரல் தார்ஜான்லியூ தென்பகுதியைத் தனிக் குடியரசு என்று அறிவித்து மார்ச் உடன்பாட்டை முறித்தார். பேச்சுவார்த்தைக்காக ஹோ அப்போதுதான் பிரான்சுக்குக் கிளம்பியிருந்தார். ஃபோந்தேன்ப்ளோவில் பேச்சு தோற்றது. நவம்பர் 23 அன்று பிரெஞ்சுக் கப்பல்கள் ஹைபாங் நகரத்தைக் குண்டுவீசித் தகர்த்தன. டிசம்பர் 19 அன்று ஹனோயில் போர் மூண்டது. அது முடிய 1975 ஆனது.

அந்த மே 28 ஒப்பந்தத்தில் மார்ச் உடன்பாட்டை மதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க, அதிபர் வாலஸுக்கு நாடாளுமன்றத்தின் தயவு தேவைப்பட்டிருக்காது. 1946 நவம்பர் தேர்தல் தோல்வியும் அப்போது வந்திருக்காது. ப்ளூம் சோஷலிஸ்ட், காலனிப் போரில் ஆசை இல்லாதவர், அந்த வரியைச் சாக்காக வைத்துத் தன் அட்மிரலை அடக்கியிருக்கவும் கூடும். ஹோவின் வியட்நாம் மென்மையான நாடாக இருந்திருக்காது. 1945-46-லேயே அவருடைய வியட் மின் இயக்கம் தன் எதிரணித் தேசியவாதிகளையும் ட்ராட்ஸ்கியவாதிகளையும் கொன்று தீர்த்தது. ஒற்றைக் கட்சி ஆட்சிதான் வந்திருக்கும். ஆனால் அது 1975-ல் வந்ததற்கும் 1946-ல் வந்திருப்பதற்கும் நடுவே பல லட்சம் வியட்நாமியரின், 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கரின் உயிர்கள் இருக்கின்றன. டூயி 1949-ல் அதிபராக வந்து எவ்வளவு உறுமினாலும், ஏற்கெனவே பிரிந்துபோன காலனியைப் பிரான்சுக்கு மீட்டுக் கொடுக்கும் போர் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்காது.

நிஜ வாலஸ் 1948 தேர்தலில் முற்போக்குக் கட்சி சார்பில் நின்று 2.4 சதவீத வாக்கு வாங்கித் தோற்றார். 1950-ல் கொரியப் போர் வந்ததும் ஐ.நா.வை ஆதரித்து அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். 1952-ல் மகதானில் தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். பிறகு நியூயார்க் மாநிலத்தில் தன் பண்ணையில் கோழிகளையும் ஸ்ட்ராபெரிச் செடிகளையும் ஒட்டுக்கட்டி ஆராய்ந்துகொண்டிருந்துவிட்டு 1965-ல் இறந்தார். டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் இறங்கிய ஆண்டு அது.

அடுத்த இதழில்: 1952 மார்ச் 10. ஒன்றுபட்ட, நடுநிலை ஜெர்மனி தருகிறேன் என்று ஸ்டாலின் அனுப்பிய குறிப்பு. அதை அடனாவர் ஏன் தொடவே இல்லை?

(தொடரும்)